கனவில் விழித்தலும் அதைப் படம்பிடித்தலும்

உறங்காத உயிரில்லை, கனவு காணாத மனிதருமில்லை. ஆயினும், கனவு காணும்போதே "இது கனவு" என்று அறிந்து, உறக்கம் கலையாமல் அக்கனவிலேயே தொடர்ந்து உலாவியவர் நம்மிடையே எத்தனை பேர்? இவ்வினாவை ஒரு கூட்டத்தில் எழுப்பினால் முதலில் எவரும் வாய் திறவார். சிறிது பொறுத்து ஒருவர் நாணத்துடன் கை உயர்த்துவார். அவரைக் கண்டு இன்னும் நால்வர் உயர்த்துவர். ஐம்பது ஆண்டுக் காலத்தில் வெளிவந்த 34 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியோர் 2016 ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கின்படி, நூற்றுக்கு ஏறக்குறைய 55 பேர் வாழ்நாளில் ஒரு தடவையேனும் இந்நிலையை அனுபவித்திருக்கின்றனர். 23 பேர் மாதத்துக்கு ஒரு தடவையோ அதற்கு மேலாகவோ அனுபவிக்கின்றனர். ஆகவே இது யோகியர்க்கு மட்டும் உரிய அற்புதமன்று. வயல் உழுது களைத்து உறங்கும் நம் வீட்டாருக்கும் வாய்க்கக்கூடிய ஒன்றேயாம்.

நாமும் நண்பர் சிலரும் இப்பொருளை வைத்துக் குறும்படம் ஒன்றை எடுக்க முனைந்தோம். நம்மில் ஒருவரும் திரைத்தொழில் கற்றவரல்லர். எனவே, இத்தகைய கனவை நமக்கு முன் ஆராய்ந்தவர் யாவர், அதைத் திரையில் காட்டத் துணிந்தவர் யாவர் என்று தேடலானோம். தேடிக் கண்ட வரலாற்றையே இம்மலரின் வாயிலாக இளைஞர் முன்னும் பெரியோர் முன்னும் வைக்கின்றோம்.

முன்னோர் கண்ட கனவுநிலை

கனவை ஆராய்ச்சிக்குரிய பொருளாகக் கொண்டவர்களுள் நம் முன்னோர் முதல் வரிசையில் நிற்பவர். பிருகதாரணியக உபநிடதத்தில் ஒரு கருத்து உண்டு. கனவிலே தேரில்லை, குதிரையில்லை, பாதையில்லை. ஆயினும் கனவு காண்பவனே அவை அனைத்தையும் படைத்துக்கொள்கிறான் என்பது அதன் சாரம். சலனப்படம் பிறப்பதற்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேல் முன்னதாக இது சொல்லப்பட்டது. ஆயினும் காட்சியை அமைத்து, நடிகரை நிறுத்தி, தானே அதைப் பார்த்தும் இருக்கின்ற ஓர் இயக்குநரின் தொழிலை இதனினும் சுருங்கச் சொல்லுதல் அரிது. பன்னிரண்டே மந்திரங்களைக் கொண்ட மாண்டூக்கிய உபநிடதம் விழிப்பு, கனவு, உறக்கம், அவற்றுக்கு அப்பாற்பட்ட துரியம் என நான்காக நிலைகளை வகுத்தது.

சைவ சித்தாந்தம் இவற்றை ஐந்தாக்கியது. நனவு, கனவு, உறக்கம், பேருறக்கம், உயிர்ப்படக்கம் என்பன அவை. சிவஞான போதத்தின் நான்காஞ் சூத்திரம் இவ்வவத்தைகளைப் பற்றியதே. நனவிலே 35 கருவிகள் தொழிற்படும் என்றும், கனவிலே அவை 25 ஆகக் குறையும் என்றும், உறக்கத்தில் 3, பேருறக்கத்தில் 2, உயிர்ப்படக்கத்தில் 1 என ஒடுங்கும் என்றும் சித்தாந்திகள் எண்ணிக் காட்டினர். இக்கணக்கை ஏற்பவரும் ஏற்காதவரும் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். விழிப்பும் உறக்கமும் விளக்கைப் போடுவதும் அணைப்பதும் போன்றவையல்ல, படிப்படியாக ஒடுங்குவன என்ற கருத்து இதனுள் அடங்கியிருக்கிறது. அப்படியானால், படிகளுக்கு இடையே நிற்கும் ஒரு நிலையும் இருக்கக்கூடும் அன்றோ? கனவில் விழித்தல் அத்தகையதோர் இடைநிலையே.

இலக்கியத்திலும் கனவுக்குப் பஞ்சமில்லை. சிலப்பதிகாரத்தில் மூன்று கனவுகள் பெரிதும் பேசப்படுவன: கண்ணகி கண்டது, கோவலன் கண்டது, பாண்டிமாதேவி கண்டது. மூன்றும் வரப்போகும் துன்பத்தை முன்னறிவிப்பவை. கண்ணகி தன் கனவைத் தோழி தேவந்திக்கு உரைக்கும் பகுதி கனாத்திறம் உரைத்த காதை என்றே பெயர் பெற்றது. அதைக் கேட்ட தேவந்தி, பொய்கையில் மூழ்கிக் காமவேளைத் தொழுதால் தீங்கு விலகும் என்கிறாள். கண்ணகி மறுத்துவிடுகிறாள், அது தனக்குப் பெருமையன்று என்பது அவள் கருத்து. தீக்கனவு கண்டும் அதை மாற்ற முனையாமல், அறிந்தபடியே அதனை எதிர்கொண்ட பெண் அவள். அக்கண்ணகியைத்தான் வற்றாப்பளையிலே நாம் அம்மனாக வழிபடுகின்றோம். வைகாசிப் பொங்கலுக்குக் கடல்நீரால் விளக்கேற்றி ஆண்டுதோறும் திரள்கின்றோம். அவள் கதையையே முல்லைத்தீவு மண்ணிலே கோவலன் கூத்தாக விடிய விடிய ஆடியும் வந்திருக்கின்றோம். எனவே கனவைப் பற்றிய படம் வன்னிக்குப் புதிய சரக்கு என்று எவரும் சொல்வதற்கில்லை.

மேனாட்டார் ஆராய்ச்சி

உறங்குபவனின் உள்ளத்தில் ஏதோ ஒன்று "நீ காண்பது கனவே" என்று சில வேளைகளிற் சொல்வதுண்டு எனக் கிரேக்க ஞானி அரிஸ்டாட்டில் எழுதிவைத்தார. திபெத்திய பௌத்தர் கனவில் விழித்தலையே ஒரு யோகப் பயிற்சியாக வளர்த்தனர். 1867 இல் பிரெஞ்சுக்காரரான ஹெர்வே டி சென்-டெனி, கனவுகளையும் அவற்றை நடத்தும் வழிகளையும் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். சிறுவயது முதல் தம் கனவுகளைக் குறிப்பேட்டில் எழுதியும் வரைந்தும் வந்தவர் அவர். 1913 இல் டச்சு மனநோய் மருத்துவரும் எழுத்தாளருமான பிரெடரிக் வான் ஈடன், தாம் கண்ட இத்தகைய 352 கனவுகளை ஆதாரமாகக் கொண்டு ஒரு கட்டுரை எழுதினார். "தெளிகனவு" என நாம் தமிழில் சொல்லத்தக்க பெயரை உலகில் நிலைநிறுத்தியது அக்கட்டுரையே.

இவையெல்லாம் கண்டவர் சொன்ன சொற்களேயன்றிச் சான்றாகா என்று விஞ்ஞானிகள் ஐயுற்றனர். அவர் ஐயம் நியாயமானதே. கனவு கண்டவன் விழித்தபின்தானே சொல்கிறான்? உண்மையில் உறங்கினானா, அரைவிழிப்பில் கிடந்தானா என்று யார் கண்டது?

இதற்கு வழி பிறந்தது கண்ணிலிருந்து. உறக்கத்தின் ஒரு பகுதியிலே மூடிய இமைக்குள் விழிகள் விரைந்து அசைவதையும், அப்போது எழுப்பினால் பலர் கனவு சொல்வதையும் 1953 இல் சிக்காகோவில் அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்னும் இருவர் வெளியிட்டனர். அந்நேரத்தில் கைகால் தசைகள் செயலற்றுக் கிடக்கும். கண்தசைகள் இதற்கு விதிவிலக்கு. சிறைக்கதவு அனைத்தும் பூட்டியிருக்க ஒரு சாளரம் மட்டும் திறந்திருப்பது போன்றது இது. அச்சாளரத்தை இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கீத் ஹேர்ன் பயன்படுத்தினார். கனவில் விழித்ததும் கண்ணை இடமும் வலமுமாக ஒழுங்காக அசைக்க வேண்டும் என்று அலன் வோர்ஸ்லி என்பவருடன் அவர் முன்கூட்டியே பேசிவைத்தார். 1975 ஏப்ரல் 12 ஆம் நாள் காலையில், உறங்கிக்கொண்டிருந்த வோர்ஸ்லியின் கண் அசைவு பேசிவைத்தபடியே கருவியின் தாளில் கோடாகப் பதிந்தது. கனவுலகிலிருந்து விழிப்புலகுக்கு எழுதப்பட்ட முதற் கடிதம் எனலாம் அதனை. அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் லபேர்ஜ் தனித்து அதே முறையைக் கண்டு, 1980 இல் தம் ஆய்வேட்டை முடித்து, 1981 இல் அதன் பெறுபேறுகளை வெளியிட்டார்.

2021 இல் அமெரிக்கா, பிரான்ஸ், ஜேர்மனி, நெதர்லாந்து ஆகிய நான்கு நாடுகளின் ஆய்வாளர் இன்னும் ஒரு படி சென்றனர். 36 பேரை வைத்து நடத்திய சோதனைகளில், உறங்குபவரிடம் எளிய கணக்குகளைக் கேட்டனர். எட்டிலிருந்து ஆறு போனால் எத்தனை என்ற கேள்வி ஒருவரின் கனவுக்குள் நுழைந்தது. அவர் கண்ணை இருமுறை அசைத்து விடை சொன்னார். எல்லோரும் எப்போதும் விடை தரவில்லை என்பது உண்மையே. ஆயினும் ஒரு தடவை திறந்த கதவு திறந்ததேயாம்.

இங்கே ஒன்றை வற்புறுத்திச் சொல்லுதல் கடன். கனவில் விழித்தல் வேறு; கனவை ஆளுதல் வேறு. இது கனவென்று அறிந்தும் அதைத் தம் விருப்பம் போல் மாற்ற இயலாதவர் பலர். இவ்வேறுபாடு நம் படத்தின் கதைக்கே உயிர்நாடியாயிற்று. அதனைப் பின்னர்க் காண்போம்.

கனவும் சலனப்படமும்

திரையரங்கின் இருளில் அசையாதிருந்து ஒளிநிழல்களைக் கண்டு அழுவதும் சிரிப்பதும் கனவு காண்பதற்கு எவ்வளவு நெருங்கியது! 1924 இல் பஸ்டர் கீட்டன் என்ற அமெரிக்க நகைச்சுவை நடிகர் "ஷெர்லொக் ஜூனியர்" என்னும் ஊமைப்படத்தை எடுத்தார். படங்காட்டும் தொழிலாளி ஒருவன் இயந்திரத்தின் அருகிலேயே உறங்கிவிடுகிறான். அவனுடைய கனவுருவம் உடலைவிட்டு எழுந்து, அரங்கினுள் நடந்து, திரைக்குள்ளேயே புகுந்துவிடுகிறது. அங்கே அவன் நிற்கும் இடத்திலேயே நிற்க, சுற்றியுள்ள உலகம் மட்டும் தோட்டமாய், தெருவாய், மலைவிளிம்பாய், பாலைவனமாய், கடற்பாறையாய் மாறிக்கொண்டேயிருக்கும். ஒவ்வோர் இடத்திலும் நடிகர் நிற்கும் தூரத்தை நிலஅளவைக் கருவிகொண்டு அளந்து எடுத்த காட்சிகள் அவை. ஆனால் அக்கனவு மனிதன் தான் கனவில் இருப்பதை அறியான்.

பணமும் நிலையமும் இல்லாத நமக்கு மிகவும் பொருத்தமான முன்னோடி மாயா டெரென் என்ற பெண்மணி. 1917 இல் கீவ் நகரில் பிறந்து, குழந்தையாக அமெரிக்கா சென்றவர். கமராக் கலைஞரான தம் கணவர் அலெக்சாண்டர் ஹமிட்டுடன் சேர்ந்து, 1943 இல் தாம் குடியிருந்த ஹொலிவூட் வீட்டிலேயே, 16 மில்லிமீற்றர் பிலிமில், 14 நிமிடப் படம் ஒன்றை எடுத்தார். "பிற்பகல் வலைப்பின்னல்கள்" என அதன் பெயரைத் தமிழாக்கலாம். செலவு சில நூறு டொலர், நடித்தோர் அவ்விருவரே. ஒரு பெண் நாற்காலியில் கண்ணயர்கிறாள். ஒரு பூ, ஒரு திறவுகோல், ஒரு கத்தி, கண்ணாடி முகங்கொண்ட ஓர் உருவம் என்பன திரும்பத் திரும்ப வருகின்றன. ஒரே பெண் மூவராகி ஒரே மேசையைச் சுற்றி அமர்கிறாள். உரையாடல் இல்லை, இசைகூட 1959 இலேதான் சேர்க்கப்பட்டது. 1946 இல் டெரென் தாமே நியூயோர்க்கில் ஒரு சிறு நாடகக் கொட்டகையை வாடகைக்கு எடுத்துத் தம் படங்களைத் திரையிட்டார். "அமெச்சூர்" என்ற சொல் அன்பு என்னும் பொருள்தரும் இலத்தீன் வேரில் பிறந்தது என்பதை அவர் நினைவூட்டுவதுண்டு. கூலிக்கன்றி அன்புக்காகச் செய்பவனே அமெச்சூர். நம் ஊர்க் கூத்தர்களும் இவ்வினத்தவரே அன்றோ?

2001 இல் ரிச்சார்ட் லிங்க்லேற்றர் எடுத்த "வேக்கிங் லைஃப்" தெளிகனவையே நேர்ப்பொருளாகக் கொண்டது. சிறிய டிஜிற்றல் கமராக்களால் எடுத்த காட்சிகளின்மேல் ஓவியர் வரைந்து உருவாக்கிய படம் அது. கனவில் இருக்கிறோமா என்று அறிய விளக்கின் சுவிட்சைப் போட்டுப் பார் என்ற சோதனை அதில் வருகிறது.

நம் நாட்டு முயற்சிகள்

இலங்கையிலும் பெருங்கலைஞர் சிலர் சிறுபடத்திலிருந்தே எழுந்தனர். லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ், இலண்டனில் பத்திரிகையாளராக இருந்தபோது, 1949 இல் "சொலிலொக்கி" என்னும் அமெச்சூர்க் குறும்படத்தை எடுத்துப் பரிசும் பெற்றார். பின் நாடு திரும்பி, 1952 இல் அரசாங்கப் படப்பிரிவிற் சேர்ந்தார். உலர் வலயத்தின் மலேரியாவை வென்ற வரலாற்றைக் கூறும் விவரணப்படம் ஒன்றை 1954 இல் எடுத்தார். வன்னியும் அவ்வலயத்தைச் சேர்ந்ததே. காய்ச்சலால் ஊர்களே காலியான காலத்தை நம் பாட்டன்மார் சொல்லக் கேட்டிருக்கின்றோம். 2016 இல் உலகச் சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்ததை அவ்வியக்குநர் தம் வாழ்நாளிலேயே கண்டார். 2018 இல் தொண்ணூற்றொன்பதாம் வயதில் மறைந்தார்.

தமிழிலும் முதல் முயற்சி சிறு கமராவிலேயே நிகழ்ந்தது. 1962 இல் வெளிவந்த "சமுதாயம்" 16 மில்லிமீற்றர் பிலிமில் எடுக்கப்பட்டது. அதனை இயக்கியவர் ஹென்றி சந்திரவன்ச என்னும் சிங்களக் கலைஞர். அடுத்த ஆண்டில் "தோட்டக்காரி" 35 மில்லிமீற்றரில் வந்தது. வன்னியோவெனின் நெடுங்காலம் போர்க்களமாகவே இருந்தது. 2006 இல் ஜோன் மகேந்திரனின் "ஆணிவேர்" இம்மண்ணிலே படமாக்கப்பட்டது. 2009 மே மாதத்தில் போர் முடிந்தபின், 2015 இல் யாழ்ப்பாணத்திற் சர்வதேசத் திரைப்பட விழா தொடங்கிற்று. இன்று கைத்தொலைபேசியே கமராவாகிவிட்டது. டெரென் அம்மையார் பிலிம் சுருளுக்குச் செலவிட்ட பணம்கூட நமக்கு வேண்டியதில்லை.

நாம் எடுக்க முனைந்த படம்

கனவில் ஒருவன் விழித்துக்கொண்டதைப் பார்ப்பவர்க்கு எவ்வாறு உணர்த்துவது? புகைமண்டலமும் தந்திரக் காட்சியும் வேண்டா என்று தீர்மானித்தோம். லபேர்ஜ் முதலியோர் கூறிய ஒரு சோதனை கைகொடுத்தது. கனவிலே ஓர் எழுத்தை வாசித்து, முகத்தைத் திருப்பி, மறுபடி வாசித்தால் பெரும்பாலும் அது மாறியிருக்கும் என்பர். எனவே நம் கதைத்தலைவன் பஸ் தரிப்பிடத்தில் நிற்கிறான். வரும் பஸ்ஸின் பெயர்ப்பலகையில் முல்லைத்தீவு என்றிருக்கிறது. குனிந்து நிமிர்ந்து பார்க்கிறான். இடம்பெயர்வுக்கு முன் அவன் வாழ்ந்த ஊரின் பெயர் இருக்கிறது. இதற்கு வேண்டியவை இரண்டு அட்டைப்பலகைகளும் கொஞ்ச வர்ணமுமே.

அடுத்த வினாவே கடினமானது. அந்த பஸ்ஸில் காணாமற்போன அவன் தமையன் அமர்ந்திருக்கிறான். இது கனவென்று இவன் அறிவான். அறிந்தபின் என்ன செய்வான்? நண்பரிடையே இரு கட்சிகள் எழுந்தன. ஒரு கட்சியார் விஞ்ஞானத்தைத் துணைக்கழைத்தனர். தீக்கனவால் வருந்துவோர் 23 பேரைக் கொண்டு நெதர்லாந்தில் நடத்திய முன்னோடி ஆய்வொன்று 2006 இல் வெளியாயிற்று. தெளிகனவுப் பயிற்சி பெற்றோர்க்குத் தீக்கனவுகள் குறைந்தன. போர் ஓய்ந்தும் இரவில் அலறி எழுவோர் நம் ஊர்களில் உளர். அவர்களுக்கு இப்படம், "கனவை மாற்றலாம், அஞ்சற்க" என்று சொல்லட்டும் என்பது அவர் வாதம். அது தள்ளத்தக்க வாதமன்று.

ஒத்திகையைப் பார்த்திருந்த அயல்வீட்டு அம்மையார் ஒருவர் வேறுவிதமாகச் சொன்னார்: "பிள்ளையள், அவன் வாறது அந்தக் கனவிலை மட்டுந்தான். அதையும் கனவெண்டு சொல்லிக் கலைச்சுப்போடாதேங்கோ." திருக்குறளின் கனவுநிலை உரைத்தல் என்னும் அதிகாரத்துத் தலைவியும் இதையே அன்றோ வேண்டுகிறாள்? விழிப்பு வந்து குறுக்கிடாவிட்டால், கனவில் வந்தவர் பிரியாரே என்று ஏங்குகிறாள். காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் 2017 பெப்ரவரி 20 ஆம் நாள் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றிலில் தொடங்கிய போராட்டத்தை நாம் அறிவோம். ஆண்டுக்கணக்காக விடைக்குக் காத்திருந்த தாய்மார்க்குக் கனவு வெறும் நோயன்று. சிலருக்கு அது மகன் வந்து போகும் ஒரே வாசல். அவ்வாசலைச் செப்பனிடுகின்றோம் என்று அடைத்துவிடலாகாது.

அச்சுறுத்தும் கனவும் ஆறுதல் தரும் கனவும் ஒரே மருந்துக்கு உரியனவல்ல என்பது இவ்விரு கட்சியையும் கேட்டபின் தெளிவாயிற்று. கனவில் விழிப்பது வேறு, கனவை ஆள்வது வேறு என்னும் ஆராய்ச்சி முடிபு இவ்விடத்தில் வழிகாட்டியது. எனவே கதையின் முடிவை இப்படி அமைத்தோம். இளைஞன் பஸ்ஸில் ஏறுகிறான். இது கனவென்று தெரிந்தே தமையனுக்கு அருகில் அமர்கிறான். எதையும் மாற்றவில்லை, எழுந்து ஓடவுமில்லை. நனவிலே கேட்க வாய்க்காத ஒரு கேள்வியை அண்ணனிடம் கேட்கிறான். விடை திரையில் ஒலிக்காது, பஸ் ஓடிக்கொண்டிருக்கும். தேவந்தி காட்டிய பரிகாரத்தை மறுத்து, அறிந்ததை அறிந்தபடியே ஏற்ற கண்ணகியின் உறுதியில் ஒரு துளியேனும் அக்காட்சியில் இருக்க வேண்டும் என்பது நம் ஆசை.

இளைஞர்க்கும் பெரியோர்க்கும்

இப்பொருளில் ஈடுபட விரும்பும் இளைஞர்க்கு இரண்டொன்று கூற விரும்புகின்றோம். தெளிகனவு வேண்டுமென்று நடுச்சாமத்தில் மணி வைத்து எழும்புவோர் உண்டு. உறக்கத்தைக் கெடுத்துக்கொண்டு பெறும் கனவால் பயனில்லை. விடியலில் எழுந்ததும் கண்ட கனவைக் குறிப்பேட்டில் எழுதுவது தீங்கற்ற தொடக்கம். சென்-டெனியும் அவ்வாறே தொடங்கினார். தீக்கனவு ஓயாது வருத்துமாயின், அல்லது கனவும் நனவும் மயங்குமாயின், மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவை நாடுதல் வேண்டும். அதில் வெட்கப்பட ஏதுமில்லை.

பெரியோர்களே! உங்கள் கனவுகளை இளைஞரிடம் சொல்லுங்கள். விட்டுவந்த வீடும், வெட்டிய கிணறும், வற்றிய குளமும், வராத பிள்ளையும் இன்று முழுமையாக இருப்பது உங்கள் உறக்கத்தில் மட்டுந்தான். ஆவணக் காப்பகங்கள் அழிந்த மண்ணிலே அதுவும் ஓர் ஆவணமே. இளைஞர்களே! கையிலுள்ள தொலைபேசியைக் கொண்டு அவற்றைப் பதிவு செய்யுங்கள். ஆனால் சொல்பவரின் அனுமதி பெற்று, அவர் நிறுத்தச் சொன்ன இடத்தில் நிறுத்துங்கள். ஒருவர் கனவுக்குள் நுழைவது அவர் வீட்டுக்குள் நுழைவதைப் போன்றது. செருப்பை வாசலிலே கழற்றிவிட்டே உட்செல்ல வேண்டும்.